ஐமேக் பழுதுபார்ப்பில் நான் ஏமாற்றப்பட்ட விதம்: கணினியைக் கடையில் கொடுக்கும் முன் படியுங்கள்

மதுரையில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் புத்தகப் பக்க வடிவமைப்பு செய்துவருகிறேன். 2019ஆம் ஆண்டு மாதிரியான 27 அங்குல ஐமேக் (திரையும் கணினியும் ஒரே உடலாக வரும் ஆப்பிள் கணினி) ஒன்றை 2020 தொடக்கத்தில் புதிதாக வாங்கினேன். தனியாளாக நடத்தும் தொழிலுக்கு அது பெரிய முதலீடு. 5120-க்கு 2880 புள்ளிகள் கொண்ட அதன் திரையில், மேல்வரியில் வரும் ‘ழு’வின் சுழி கீழ்வரியின் மெய்ப்புள்ளியில் முட்டுகிறதா என்பதைப் பக்கத்தைப் பெரிதாக்காமலேயே பார்த்துவிடலாம் என்பதுதான் அதை வாங்கியதற்கான காரணம். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் அது எனக்குக் குறையின்றி உழைத்தது. இந்தப் பதிவு அந்தக் கணினியைப் பற்றிய புகார் அன்று. அதைப் பழுதுபார்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டு, உள்ளே இருந்ததை மாற்றிவிட்டுத் திருப்பித் தந்த ஒரு கடையைப் பற்றியது. வழக்கு நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

2024 நவம்பரில் கோப்புகள் திறக்க நிமிடக்கணக்கில் ஆகத் தொடங்கின. வட்டுப் பராமரிப்புச் செயலியில் பார்த்தபோது ஹார்ட் டிஸ்க் செயலிழந்துவருவதாகச் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. என் கணினியில் இருந்தது ஃப்யூஷன் டிரைவ், அதாவது 1 டி.பி. சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் 32 ஜி.பி. அளவுள்ள சிறிய எஸ்.எஸ்.டி.யும் (சுழலும் பாகம் இல்லாத, வேகமான சேமிப்புத் துண்டு) சேர்ந்து ஒரே வட்டாகத் தோன்றும் அமைப்பு. இரண்டில் ஒன்று போனாலும் மொத்தமும் போய்விடும். என் வேலை முழுவதும் தனி வெளிவட்டில் நாள்தோறும் நகலாகிக்கொண்டிருந்ததால், இழப்பைப் பற்றிய அச்சம் எனக்கு இல்லை. ஆனால் பொங்கலையொட்டிய சென்னைப் புத்தகக் காட்சிக்கு ஆறு நூல்களை முடித்துத் தர வேண்டியிருந்தது.

ஆப்பிளின் அங்கீகாரம் பெற்ற பழுதுபார்ப்பு மையத்தில், வாங்கும்போது இருந்த அதே வகை வட்டைத்தான் மாற்றித் தருவார்கள், வேகமான எஸ்.எஸ்.டி.யாக உயர்த்தித் தருவது அவர்களுடைய வழக்கம் இல்லை. ஆகவே, ஆப்பிள் கணினிகளில் தனித்தேர்ச்சி உண்டு என்று பெரிய பலகை வைத்திருந்த ஒரு தனியார் கடைக்குச் சென்றேன். அங்கிருந்தவர் நன்றாகப் பேசினார். இரண்டு வழிகளை அவரே விளக்கினார். திரையைப் பிரித்து ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் சாட்டா என்ற பழைய, வேகம் குறைந்த இணைப்பு வகை எஸ்.எஸ்.டி.யைப் பொருத்துவது எளிது, செலவும் குறைவு. கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டையே கழற்றி, அதன் பின்பக்கம் இருக்கும் 32 ஜி.பி. துண்டை எடுத்துவிட்டு, அங்கே அடாப்டருடன் என்.வி.எம்.இ. என்ற புதிய, வேகமான இணைப்பு வகை எஸ்.எஸ்.டி.யைப் பொருத்துவது கடினம், கூலியும் அதிகம். ஆனால் வேகம் பல மடங்கு கிடைக்கும். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நான் இரண்டாவது வழியைக் கேட்டேன். ஜி.எஸ்.டி. உட்பட 27,000 ரூபாய் என்று முடிவாயிற்று. பில் வேண்டாம் என்றால் வரியைக் கழித்துக்கொள்வதாகச் சொன்னார். நான் பில் கேட்டேன். ‘1 டி.பி. என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி., மதர்போர்டு கழற்றிப் பொருத்தும் கூலி’ என்று அதில் தெளிவாக எழுதியிருந்த அந்த ஒரு வரிதான் இன்று என் கையில் இருக்கும் முதன்மைச் சான்று.

நான்காம் நாள் கணினி திரும்பி வந்தது. உடனே வேகமாகத் திறந்தது. மகிழ்ச்சியோடு பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த வாரக் கடைசியில் படங்கள் நிறைந்த 640 பக்க நூல் ஒன்றைத் திறந்து வேலை செய்தபோது, முன்பு இல்லாத தடுமாற்றம் தெரிந்தது. ‘இந்த மேக் பற்றி’ என்ற பகுதியில் பார்த்தால் ரேம் (வேலை நடக்கும்போது கணினி பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) 24 ஜி.பி. என்று இருந்தது. என் கணினியில் இருந்ததோ 40 ஜி.பி. வாங்கும்போது வந்த இரண்டு 4 ஜி.பி. துண்டுகளோடு, 2021-ல் நானே இரண்டு 16 ஜி.பி. துண்டுகளை வாங்கிப் போட்டிருந்தேன். 27 அங்குல ஐமேக்கில் மின்கம்பி செருகும் இடத்துக்கு மேலே இருக்கும் சிறு கதவைத் திறந்தால் ரேமை யாரும் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம். திரையைப் பிரிக்கத் தேவையே இல்லை. கதவைத் திறந்து பார்த்தேன். என் 16 ஜி.பி. துண்டுகளின் இடத்தில் இரண்டு 8 ஜி.பி. துண்டுகள் இருந்தன.

ஐயம் வந்தபின் மற்றதையும் பார்த்தேன். கணினியின் விவர அறிக்கையில் என்.வி.எம்.இ. பகுதியும் சாட்டா பகுதியும் தனித்தனியே இருக்கும். என்.வி.எம்.இ. பகுதியில், கழற்றிவிட்டதாகச் சொன்ன ஆப்பிளின் பழைய 32 ஜி.பி. துண்டு அப்படியே இருந்தது. புதிய 1 டி.பி. எஸ்.எஸ்.டி., நான் கேள்விப்பட்டிராத பெயரோடு சாட்டா பகுதியில் இருந்தது. வேகத்தைச் சோதித்தபோது நொடிக்கு 500 எம்.பி. அளவில் நின்றது. சாட்டாவின் உச்சம் அவ்வளவுதான். நான் பணம் கொடுத்த வகையாக இருந்திருந்தால் 2,000-ஐத் தாண்டியிருக்க வேண்டும். ஆக, மதர்போர்டை அவர்கள் தொடவே இல்லை. கடினமான வேலைக்குக் கூலி வாங்கிக்கொண்டு எளிதான வேலையைச் செய்திருக்கிறார்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கோடு ஒப்பிட்டால் சாட்டாவும் மிக வேகமாகத் தெரியும் என்பதால் வாடிக்கையாளர் கண்டுபிடிக்க மாட்டார் என்ற கணக்குதான் இதில் எனக்கு மிகவும் வலித்தது.

கடைக்குச் சென்று கேட்டேன். ரேம் முதலிலிருந்தே அப்படித்தான் இருந்தது என்றார் அவர். நல்வாய்ப்பாக, வட்டில் எச்சரிக்கை வந்த அன்று, தொலைபேசியில் உதவி கேட்டபோது மறுமுனையில் இருந்தவர் சொன்னதற்கு இணங்க முழு விவர அறிக்கையையும் ஒரு கோப்பாகச் சேமித்து மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன். அதில் ஒவ்வொரு ரேம் துண்டின் அளவும் தயாரிப்பாளரும் வரிசை எண்ணும் பதிவாகியிருந்தன. அனுப்பிய தேதியோ கணினியைக் கடையில் கொடுத்ததற்கு முந்தைய நாள். அதைக் காட்டியதும் பேச்சு மாறியது. வேலைக்குப் புதிதாக வந்த பையன் வேறொரு கணினியின் துண்டோடு மாற்றிவிட்டிருப்பான் என்றார். எஸ்.எஸ்.டி.யைப் பற்றிக் கேட்டபோது, “ரெண்டும் ஒண்ணுதான் சார், உங்க வேலைக்கு இதுவே தாராளம்” என்றார். எது எனக்குத் தாராளம் என்று முடிவு செய்யும் உரிமையை நான் அவருக்குக் கொடுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் திரையைச் சாய்த்தபோது இடது மேல்மூலையில் சிறிய ஒலி கேட்டது. ஒரு தாளை நுழைக்கும் அளவுக்கு அங்கே இடைவெளி விழுந்திருந்தது. 2012 கடைசியில் வந்த மாதிரியிலிருந்து ஐமேக்கின் திரை திருகாணியால் இறுக்கப்படுவதில்லை. சுற்றிலும் ஒட்டுப்பட்டைகளால் ஒட்டப்பட்டிருக்கிறது. பிரித்தால் அந்தப் பட்டைகள் அறுந்துபோகும். ஒவ்வொரு முறையும் அந்த அளவுக்கென்றே வெட்டிய புதிய பட்டைகளைப் போட வேண்டும். கண்ணாடியும் காட்சிப்பலகையும் ஒரே உடலாக இணைக்கப்பட்டவை என்பதால், கீழே விழுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். புதிய திரையின் விலையோ இந்த வயதுள்ள கணினியின் விலையை நெருங்கிவிடும். பதிவு அஞ்சலில் கடைக்கு அறிவிப்பு அனுப்பிப் பதினைந்து நாள் காத்திருந்தேன். யாரும் வந்து பார்க்கவில்லை. அதன்பிறகு வேறொரு பழுதுநீக்குநரை வீட்டுக்கு அழைத்து, முழுவதையும் காணொளியாகப் பதிவு செய்துகொண்டே பிரிக்கச் சொன்னேன். எழுதுபொருள் கடையில் கிடைக்கும் சாதாரண இருபக்க நாடாவைத் துண்டு துண்டாக ஒட்டியிருந்தார்கள். திரை ஏறக்குறைய மேல்விளிம்பின் இரண்டு துண்டுகளில் மட்டுமே நின்றிருந்தது. என் பேத்தி அந்த மேசையின் அடியில் உட்கார்ந்து படம் வரைவாள். அதை நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கேட்டும் கிடைக்காத பொருள் ஒன்று இருக்கிறது. அது என் பழைய ஹார்ட் டிஸ்க். குப்பைக்குப் போய்விட்டது என்கிறார்கள். செயலிழந்துவரும் வட்டு என்றாலும், அதன் இணையான எஸ்.எஸ்.டி. துண்டு உடன் இல்லை என்றாலும், மீட்புக் கருவிகளைக் கொண்டு அதிலிருந்து கோப்புகளை ஓரளவாவது எடுத்துவிட வாய்ப்பு உண்டு. அதில் நான்கு எழுத்தாளர்களின் வெளிவராத கையெழுத்துப்படிகள் இருந்தன. 2020 மாதிரி ஐமேக்கில் டி2 என்ற பாதுகாப்புச் சில்லு இருப்பதால் உள்வட்டில் எழுதப்படும் தரவு தானாகவே குறியாக்கம் பெறும், அதாவது வட்டைத் தனியே கழற்றிப் படிக்க முடியாது. 2019 மாதிரியில் அந்தச் சில்லு இல்லை. வட்டைக் குறியாக்கும் ஃபைல்வால்ட் என்ற வசதியை நாமே இயக்கி வைத்திருந்தால்தான் பாதுகாப்பு. நான் இயக்கி வைக்கவில்லை. இந்தப் பதிவைப் படிக்கும் எவரிடமாவது பழைய ஐமேக் இருந்தால், வேறு எதையும் செய்யும் முன் அதை இன்றே இயக்குங்கள். கணினி கெட்டபின் அதற்கு நேரம் கிடைக்காது.

2025 ஜனவரியில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகார் பதிந்தேன். இது தொழிலுக்கான கணினி, வணிகப் பயன்பாடு, ஆகவே நுகர்வோர் ஆணையம் ஏற்காது என்று கடைக்காரர் பதில் தந்தார். இதை நம்பிப் பலர் பின்வாங்கிவிடுவார்கள் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் பொருள் வாங்கிப் பயன்படுத்துவதை வணிக நோக்கம் என்று கருதுவதில்லை. என்னைப் போன்ற வடிவமைப்பாளரும், தட்டச்சு நிலையம் நடத்துபவரும், கல்யாண ஆல்பம் செய்பவரும் நுகர்வோரே. குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. பில் தர மறுப்பதையே இந்தச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்று வகைப்படுத்துகிறது.

புகாருக்குப் பிறகு என் ரேம் துண்டுகள் திரும்பி வந்தன. வரிசை எண்களைச் சரிபார்த்தேன், என்னுடையவையே. புதிய பையனின் தவறு என்று சொன்னவர், அவற்றை இரண்டு மாதம் எங்கே வைத்திருந்தார் என்பதைச் சொல்லவில்லை. புகாரைத் திரும்பப் பெற்றால் 6,000 ரூபாய் தருவதாகவும் சொன்னார், நான் மறுத்துவிட்டேன். மார்ச் மாதம் மாவட்ட ஆணையத்தில் இணையவழியே முறையீடு செய்தேன். பில், விவர அறிக்கைக் கோப்பு, காணொளி, அஞ்சல் ரசீது ஆகியவை இணைக்கப்பட்டுள்ளன.

நீங்கள் கொடுக்கும் கணினி எந்த நிறுவனத்தினுடையதாக இருந்தாலும், கொடுப்பதற்கு முன் விவர அறிக்கையைச் சேமித்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள்; ரேம் கதவைத் திறந்து படம் எடுங்கள்; கழற்றிய பாகம் எல்லாம் திரும்ப வேண்டும் என்று ஒப்புகைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். திரும்பி வந்ததும் பணம் கொடுக்கும் முன் அதே அறிக்கையைக் கடையிலேயே திறந்து ஒப்பிடுங்கள். ஐந்து நிமிடம் ஆகும். மேசைக்கணினியின் பெட்டியைப் பக்கவாட்டில் திறந்து உள்ளே பார்ப்பதுபோல இதைத் திறந்து பார்க்க முடியாது என்பதால், அந்த அறிக்கை ஒன்றுதான் நம் கண்.

நான்கு எழுத்தாளர்களுக்கும் நடந்ததைக் கடிதமாக எழுதி, அவர்கள் கையெழுத்துப்படி எந்தத் தேதி வரையிலான வடிவத்தில் அந்த வட்டில் இருந்தது என்பதையும் குறித்து அனுப்பிவிட்டேன். மூவர் ஆறுதலாகப் பதில் எழுதினார்கள். நான்காமவர் தன் நூலை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. வட்டு எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.