பசுமை வீட்டில் குடியிருக்கும் மாணவனும் ஐந்து இலவசத் தளங்களும்

கரும்பலகையில் ‘பசுமை இல்ல விளைவு’ என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை எழுந்தது. “டீச்சர், எங்கள் வீடே பசுமை வீடுதான். அரசாங்கம் கட்டிக்கொடுத்தது, சோலார் விளக்குகூட இருக்கிறது. அதனால் எப்படி டீச்சர் பூமி சூடாகும்?”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2011-இல் தொடங்கிய முதலமைச்சரின் பசுமை வீடுகள் திட்டத்தில் கட்டிய முந்நூறு சதுர அடி வீடு அவனுடையது. பாடம் ‘பசுமை இல்லம்’ என்று சொல்லும், செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டை அவன் கண்டதில்லை. நானே ஊட்டி தாவரவியல் பூங்காவில் ஒரே ஒரு முறை பார்த்ததோடு சரி. குளிர்நாட்டுக்காரன் சொன்ன உவமையைக் காரைக்குடி வெயிலில் வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருடமாகப் பாடம் நடத்தியிருக்கிறேன். அன்று இரவே இணையத்தில் தேட உட்கார்ந்தேன். கிடைத்த இலவசத் தளங்களை ஒரு கல்வியாண்டு முழுக்க வகுப்பில் பயன்படுத்திய பிறகுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். பள்ளி காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் இடையில். ஒன்பதாம், பத்தாம் வகுப்பு சேர்த்து அறுபத்தொரு பிள்ளைகள். ஹைடெக் லேப் இருக்கிறது. இணையம் இருக்கும் நாளில் மின்சாரம் இருக்காது, இரண்டும் இருக்கும் நாளில் தேர்வு இருக்கும். அவசரத்துக்கு என் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்தான்.

முதலில் காசு கொடுத்து வாங்கிய ஒன்றைச் சொல்லிக் கணக்கை முடித்துவிடலாம். கொடையாளர் ஒருவர் நல்ல மனத்தோடு ஒரு தனியார் செயலிக்கு ஓராண்டுச் சந்தா கட்டிக்கொடுத்தார். பெயர் வேண்டாம். பனிக்கட்டி மேல் ஒரு கரடி, சோக இசை, இயந்திரம் வாசிப்பதைப் போன்ற தமிழ், முடிவில் “மரம் நடுவோம்”. கேள்வி பகுதியில் நான்கு விடைகளில் மூன்று அசட்டு விடைகள், பாடம் கேட்காதவன்கூட முழு மதிப்பெண் வாங்குவான். வாங்கினார்கள். மறுவாரம் அந்தப் பையனிடம் கேட்டேன். அவன் வீடு இன்னும் பூமியைச் சூடாக்கிக்கொண்டுதான் இருந்தது.

அதை மாற்றியது ஃபெட். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், 2001-இல் இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய தளம். உருவகப்படுத்தல்கள், அதாவது திரையில் நாமே இயக்கிப் பார்க்கும் மாதிரிகள், எல்லாம் இலவசம். எனக்கு அதைவிடப் பெரிய விஷயம், ஒருமுறை இறக்கிப் பென் டிரைவில் போட்டுக்கொண்டால் இணையமே வேண்டாம் என்பது. எல்லாம் தமிழில் இல்லை. ஆனால் இந்தப் பாடத்துக்குத் திரையில் சொற்கள் குறைவு, வண்ணம்தான் பேசுகிறது. சூரியனிலிருந்து மஞ்சள் துகள்கள் இறங்குகின்றன, தரையிலிருந்து சிவப்புத் துகள்கள், அதாவது அகச்சிவப்புக் கதிர்கள், கிளம்பி மேலே போகின்றன. பக்கத்தில் வெப்பமானி. கார்பன் டை ஆக்சைடு போன்ற பசுமை இல்ல வாயுக்களின் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு ஒன்று.

தண்டை முழுதாகக் கீழே இறக்கச் சொன்னேன். சிவப்புத் துகள்கள் தடையின்றி வெளியே ஓடின, வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போய்விட்டது. இந்த வாயுக்களே இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை இப்போதைய 15 டிகிரி செல்சியஸுக்குப் பதிலாக ஏறக்குறைய மைனஸ் 18 ஆக இருக்கும் என்று பாடமாகச் சொன்னால் காதில் ஏறாது. ஒரு பெண் தன் கையால் இறக்கிப் பார்த்தபோது ஏறியது. பிறகு 1750, 1950, 2020 என்று ஆண்டுகளை மாற்றிப் பார்த்தார்கள். மேலே போகப் பார்க்கும் சிவப்புத் துகள் பாதியில் மடங்கித் தரைக்கே திரும்புகிறது. நம் பையன் எழுந்து வந்து திரைக்கு அருகில் நின்று ஒரே ஒரு துகளை விரலால் தொடர்ந்துகொண்டே போனான். மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டு நான்காவது முறை அது தப்பித்தது. “டோல்கேட் மாதிரி இருக்கிறது டீச்சர்” என்றான். கண்ணாடி வீட்டை விட்டுவிட்டேன். அது சூடான காற்றை வெளியேற விடாமல் அடைத்துவைக்கிறது, வளிமண்டலம் கதிரை வாங்கித் திருப்பி விடுகிறது. இரண்டும் வேறு வேலை. உவமையே சரியில்லை என்று இத்தனை வருடம் கழித்து ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

அதே தளத்தில் மூலக்கூறுகள் மீது ஒளியைப் பாய்ச்சிப் பார்க்கும் இன்னொன்றும் உண்டு. கார்பன் டை ஆக்சைடில் அகச்சிவப்பைப் பாய்ச்சினால் மூலக்கூறு கிடுகிடுவென்று ஆடுகிறது. நைட்ரஜனில் பாய்ச்சினால் ஒன்றும் நடப்பதில்லை. “காற்றில் எழுபத்தெட்டு சதவீதம் நைட்ரஜன்தானே, அது ஏன் ஆடவில்லை?” என்று கேட்டாள் ஒருத்தி. எனக்குத் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். இரண்டு அணுவும் ஒன்றே என்பதால் அது எப்படி அதிர்ந்தாலும் மின்னூட்டம் ஒரு பக்கம் சாய்வதில்லை, அதனால் அந்தக் கதிரை வாங்கிக்கொள்ள முடிவதில்லை என்று இரவு படித்துத் தெரிந்துகொண்டு போய்ச் சொன்னேன். டீச்சரை வீட்டுப்பாடம் செய்ய வைக்கும் தளத்துக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன்.

தரை எவ்வளவு ஒளியைத் திருப்புகிறது என்பதற்கும் அதில் ஒரு தண்டு உண்டு. அதைத் திரையிலேயே விட மனமில்லை. பழைய வீட்டு ஓடு இரண்டு எடுத்தோம். ஒன்றில் சுண்ணாம்பு அடித்தோம், மற்றதில் விளக்குக் கரி பூசினோம். பங்குனி வெயிலில் நண்பகலில் இருபது நிமிடம். ஆய்வக வெப்பமானியை மேலே ஒட்டிவைத்துப் படித்தபோது வெள்ளை ஓடு 41, கரி ஓடு 52. பள்ளத்தூரில் நான் வாடகைக்கு இருக்கும் பழைய வீட்டுச் சுவர் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

கூகுள் எர்த்தின் கால ஓட்டப் படங்கள் அடுத்தது. 1984 முதல் எடுத்த செயற்கைக்கோள் படங்களை அடுக்கி, ஆண்டுகளை ஓட விடுகிறார்கள். ஏரல் கடல் வற்றுவதைப் பார்த்து வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. சொல்லி வைத்தாற்போல் அடுத்த குரல்: “நம் ஊருணியைக் காட்டுங்கள் டீச்சர்.” தேடினோம். பழைய ஆண்டுகளின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் முப்பது மீட்டர். எங்கள் ஊருணி நூறு மீட்டர் இருந்தால் அதிகம். ஆக, மூன்று நான்கு புள்ளிகளில் ஒரு மங்கலான கறை. பிள்ளைகளுக்கு ஏமாற்றம். கடலுக்குச் செய்த கருவியை ஊருணிக்குக் கேட்டால் இப்படித்தான். மறுநாள் நேரிலேயே போனோம். வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்பதை எந்தச் செயற்கைக்கோளும் காட்டாது. பாதி தூரத்தில் சீமைக்கருவேலம், மீதி தூரத்தில் யாரோ கொட்டிய கட்டட இடிபாடு.

என்-ரோட்ஸ் கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு. கிளைமேட் இன்டராக்டிவ் என்ற அமைப்பும் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து மேலாண்மைப் பள்ளியும் சேர்ந்து செய்தது. நிலக்கரி, எண்ணெய், கார்பன் வெளியேற்றத்துக்கு வைக்கும் விலை, மரம் நடுதல் என்று வரிசையாகத் தண்டுகள், 2100-இல் உலக வெப்பம் எவ்வளவு கூடும் என்று ஓரத்தில் ஓர் எண். எல்லாம் இப்படியே போனால் 3 டிகிரிக்கு மேல். எங்கள் பிள்ளைகள் முதலில் இழுத்தது, வேறென்ன, மரம் நடும் தண்டைத்தான். முழுதாக இழுத்தும் எண் கொஞ்சம்தான் அசைந்தது. வருடா வருடம் சுதந்திர தினத்தில் கன்று நட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் பள்ளியில் இது ஒரு சிறிய அதிர்ச்சி. நிலக்கரித் தண்டைத் தொட்டபோது எண் நன்றாகவே இறங்கியது. மரம் வளர வருடங்கள் ஆகும், நிலமும் அவ்வளவு கிடையாது என்று பேசினோம். தலைமையாசிரியர் ஐயா வாசலில் நின்று கேட்டுவிட்டு, “அப்படியென்றால் இந்த வருடம் கன்று வேண்டாமா?” என்றார். நிழலுக்கு வேண்டும் ஐயா, என்றேன். இதற்கு இணையமும் ஆங்கிலமும் வேண்டும், ஆசிரியர் பக்கத்திலேயே நின்று விளக்க வேண்டும். பிள்ளைகளிடம் அப்படியே கொடுத்துவிட்டுப் போனால் விளையாட்டாகிவிடும்.

கணக்கு ஆசிரியருக்கு நான் பரிந்துரைத்தது டிராப் ஐசிஎஸ்யு. புணேயில் உள்ள ஐசர் என்ற இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தை மையமாகக் கொண்ட திட்டம். காலநிலைக்கென்று தனிப் பாடவேளை கேட்காமல், கணக்கு, வேதியியல், பொருளாதாரம் என்று இருக்கிற பாடத்துக்குள்ளேயே காலநிலைத் தரவைப் புகுத்தும் பாடத் திட்டங்கள். கல்லூரி அளவுக்குக் கனமானவையும் கலந்திருக்கும், பொறுக்கித்தான் எடுக்க வேண்டும். அவர் அந்தப் பாணியில் ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் எடுக்கும் காற்று அளவீட்டை வரைபடமாகப் போடவைத்தார். 1958-இல் பத்து லட்சத்துக்கு 315 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. கோடு ரம்பப் பல் போல ஏறி இறங்கி ஏறுவது ஏன் என்ற கேள்வி என்னிடம் வந்தது. வடகோளத்துச் செடிகள் கோடையில் இழுத்துக்கொண்டு குளிர்காலத்தில் விடும் மூச்சு அது.

நான் அதிகம் எதிர்பார்க்காமல் தொட்டது சீசன்வாட்ச். 2010-இலிருந்து நம் நாட்டிலேயே நடப்பது. ஒரு மரத்தைப் பதிவுசெய்து வாராவாரம் கொழுந்து, பூ, காய், பழம் ‘இல்லை, கொஞ்சம், நிறைய’ என்று குறிக்க வேண்டும். அவ்வளவுதான். பள்ளி வாசல் வேம்பைப் பதிந்தோம். கொழுந்து ‘கொஞ்சமா’ ‘நிறையவா’ என்று வியாழக்கிழமைதோறும் ஒரு பஞ்சாயத்து. மாசி முடிவதற்குள் பூ வந்தது. வீட்டுக்கார ஆச்சியிடம் சொன்னேன். புத்தாண்டுப் பச்சடிக்கு முற்றத்தில் வேப்பம்பூ காயவைப்பவர். “பங்குனி பிறந்தல்லவா பூக்கும்? அதற்கென்ன அவசரமாம்?” என்றார். பிள்ளைகள் உடனே காலநிலை மாற்றம் என்று எழுதப் போனார்கள், தடுத்தேன். ஒரு மரம், ஒரு வருடம். இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பல ஊர் மரங்களைப் பல வருடம் எழுதிவைத்தால்தான் சொல்ல முடியும், அதற்குத்தான் அந்தத் தளம்.

கோடை விடுமுறையில் யார் பார்ப்பது என்று கேட்டபோது பசுமை வீட்டுப் பையன் கை தூக்கினான். வீடு பள்ளிக்குப் பக்கம். ஜூன் மாதம் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். ஒரு வாரமும் விடவில்லை. கடைசிப் பக்கத்தில் ‘பழம்: நிறைய’ என்று எழுதி, தளத்தில் இல்லாத ஒரு கட்டத்தை ஸ்கேல் வைத்துத் தானே கோடு போட்டுச் சேர்த்திருந்தான். ‘காக்கை: நிறைய.’