வேலூர் டவுன் பஸ்: நேரே போனால் பாஸ், குறுக்கே போனால் பெயில்

வேலூரில் டவுன் பஸ் எப்படி என்று யாராவது கேட்டால், வீடு எங்கே பார்த்திருக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். காட்பாடி, காந்தி நகர், விருதம்பட்டு, சாயிநாதபுரம், தொரப்பாடி, பாகாயம் என்று பதில் வந்தால் வண்டி வாங்குகிற காசு மிச்சம். சத்துவாச்சாரிக்கு உள்ளே, ரங்காபுரத்துக்குப் பின்னால், கொணவட்டம் தாண்டி என்றால் உட்காருங்கள், கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

நான் தொரப்பாடிக்காரி. மண்டித் தெருவில் ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து டவுன் பஸ்தான். ஸ்கூட்டி ஓட்டத் தெரியாது, இனிமேல் கற்றுக்கொள்கிற எண்ணமும் இல்லை. அதனால் பஸ் வராத நாளில் எனக்கு வருகிற கோபம் வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு வராது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து பாகாயம் வரை போகிற ரோடு இருக்கிறதே, அந்த லைனில் பஸ்ஸுக்குக் குறையே இல்லை. விருதம்பட்டு தாண்டிப் பாலாற்றுப் பாலம், கிரீன் சர்க்கிளை ஒட்டிய புது பஸ் நிலையம், நேஷனல் ஸ்டாப்பிங், சிஎம்சி ஆஸ்பத்திரி, பழைய பஸ் நிலையம், டோல்கேட், தொரப்பாடி, பாகாயம். ஊரின் பிழைப்பெல்லாம் இந்த ஒரு கோட்டில்தான் கோத்திருக்கிறது. வெளியூர்க்காரர்கள் ரயிலில் வந்து இறங்குவது ஆற்றுக்கு அந்தப் பக்கம். அவர்கள் தேடி வருகிற ஆஸ்பத்திரி ஊர் நடுவில். அதே சிஎம்சியின் மருத்துவக் கல்லூரி தெற்குக் கோடியில், பாகாயத்தில். 1984-ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய விஐடி பல்கலைக்கழகம் காட்பாடியில். மற்ற கல்லூரிகளில் ஆக்சீலியம் காந்தி நகரில், ஊரீசு ஊருக்குள், டிகேஎம் சாயிநாதபுரத்தில், முத்துரங்கம் கலைக் கல்லூரி ஓட்டேரியில். மத்தியச் சிறை எங்கள் தொரப்பாடியில். படிக்கிற பிள்ளையும், வைத்தியத்துக்கு வந்தவரும், உள்ளே இருக்கும் மகனைப் பார்க்க வந்த தாயும் ஒரே பஸ்ஸில்தான் ஏறியாக வேண்டும்.

ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் என்று அந்தக் காலத்திலிருந்து ஓடுகிற வண்டிகள் இவை. ஒன்றை விட்டால் பின்னாலேயே இன்னொன்று வரும். நேரம் பார்த்துக் கிளம்புகிற பழக்கமே எனக்குக் கிடையாது. அரசு பஸ்ஸோடு தனியார் பஸ்ஸும் ஓடுவதால் போட்டி. போட்டி என்றால் நிஜமாகவே போட்டி. ஸ்டாப்பிங்கில் முன்னால் போய் நிற்க ஒருவரை ஒருவர் அணைத்து ஒதுக்குவார்கள். ஒரு தனியார் பஸ் டிரைவர் டோல்கேட்டில் நான் ஒரு காலை இறக்கும்போதே வண்டியை எடுத்துவிட்டார். விழவில்லை, பின்னால் நின்ற பையன் கையைப் பிடித்துவிட்டான். கண்டக்டரோ, "இன்னாக்கா, பார்த்து இறங்கக் கூடாதா" என்று என்னையே கேட்டார். பாட்டுச் சத்தமும் அந்தப் பஸ்களில்தான் அதிகம். காலை எட்டரை மணிக்கு அந்த ஸ்பீக்கருக்குக் கீழே நின்று பாருங்கள், அப்புறம் மண்டியில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது.

2021 மே 8-லிருந்து அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதைப் பற்றி ஆளுக்கு ஒன்று பேசுகிறார்கள், நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். முன்பெல்லாம் வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் இரண்டு ஸ்டாப்பிங் தூரத்தை நடந்தே போவார்கள். இப்போது ஏறிக்கொள்கிறார்கள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்ப வருகிறவர்களும் உண்டு, அதில் நானும் ஒருத்தி. என் மாமியார் கோயில், மார்க்கெட், சொந்தக்காரர் வீடு என்று யாரையும் காசு கேட்காமல் சுற்றி வருகிறார். எழுபது வயதில் அவருக்கு வந்த சுதந்திரம் இது. வீட்டில் கொஞ்சம் முணுமுணுப்பு இருக்கிறது, அது வேறு கதை.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. ஸ்டாப்பிங்கில் பெண்கள் மட்டும் நின்றால் சில டிரைவர்கள் பத்தடி தள்ளிப் போய் நிறுத்துகிறார்கள், அல்லது நிறுத்துவதே இல்லை. ஓடிப் போய் ஏறினால், "சும்மாதானே வர்றீங்க, கொஞ்சம் நடந்தா என்னா" என்று ஒரு பேச்சு. டிக்கெட் காசை அரசாங்கம் போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுக்கிறது, யாரும் யாருக்கும் தானம் செய்யவில்லை. எல்லாரும் இப்படி என்று சொல்ல மாட்டேன். மாசமாக இருக்கிற பெண் ஏறினால் தானே எழுந்து தன் சீட்டைக் கொடுக்கிற கண்டக்டரும் இதே லைனில் இருக்கிறார்.

சிஎம்சி வந்தால் கண்டக்டர்களின் மொழியே மாறிவிடும். மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தவர்கள் பாதி பஸ்ஸை நிரப்பியிருப்பார்கள். "தாதா, சிஎம்சி ஆகயா, உதரோ உதரோ" என்று எங்கள் அணைக்கட்டு ஊர்க்காரக் கண்டக்டர் கத்துவதைக் கேட்க வேண்டும். இலக்கணம் எப்படியோ, வந்தவர்கள் சரியான இடத்தில் இறங்குகிறார்கள்.

சரி, இனி குறை. என் அக்கா சத்துவாச்சாரியில் இருக்கிறாள். தொரப்பாடியிலிருந்து அவள் வீட்டுக்குப் போவதற்குள் நான் திருவண்ணாமலைக்குப் பாதி தூரம் போய்விடலாம். பழைய பஸ் நிலையத்தில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். அது ஹைவேயில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து உள்ளே நடை. கலெக்டர் ஆபீஸ் அந்தப் பக்கம்தான், மனு கொடுக்க வருகிற கிராமத்து ஜனங்களுக்கும் இதே பாடுதான். வேலூர் மாநகராட்சி ஆனது 2008-ல். அதற்கு முன்னும் பின்னும் ஊர் வளர்ந்ததெல்லாம் சென்னை–பெங்களூர் ஹைவேயை ஒட்டி, கிழக்கும் மேற்குமாக. டவுன் பஸ் மட்டும் இன்னும் வடக்கும் தெற்குமாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. பஸ் போகாத இடத்தை ஷேர் ஆட்டோ பிடித்துக்கொண்டது. பகலில் பரவாயில்லை. இரவு ஒன்பதுக்கு மேல் ஆட்டோக்காரர் சொல்வதுதான் ரேட்டு.

எங்கள் மண்டி முதலாளிக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. வடாற்காடு மாவட்டம் என்றுதான் இன்னும் சொல்வார். அரசு போக்குவரத்துக் கழகம் பட்டுக்கோட்டை அழகிரி பெயரில் ஓடிய காலத்தில் அதன் தலைமை அலுவலகமே வேலூரில் இருந்தது என்று அடிக்கடி பெருமையாகச் சொல்வார். 1997-ல் தலைவர்கள் பெயரையெல்லாம் எடுத்துவிட்டுப் பெரும்பாலான கழகங்களுக்கு ஒரே பெயர் வைத்தார்கள். இப்போது எங்கள் ஊர் பஸ் விழுப்புரம் கோட்டத்தில். வேலூரின் புதுத் தெருவெல்லாம் விழுப்புரத்துக்கு எப்படித் தெரியும் என்பது முதலாளியின் கேள்வி. அதில் கொஞ்சம் ஊர்ப்பாசம் கலந்திருக்கிறது, ஆனால் கேள்வி தப்பில்லை.

புது பஸ் நிலையத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இடித்துக் கட்டி 2022 ஜூனில் திறந்தார்கள். விசாலமாக இருக்கிறது, நிழல் இருக்கிறது. வேலூர் வெயிலில் நிழல் சின்ன விஷயமா? சென்னை, பெங்களூர், திருப்பதி போகிறவர்களுக்கு வசதி. நமக்கு என்ன கஷ்டம் என்றால், கிரீன் சர்க்கிள் நெரிசலை ஒட்டி இருப்பதால் அதை நெருங்குவதற்குள் டவுன் பஸ் மூச்சு வாங்கிவிடுகிறது. ரயிலைப் பிடிக்கக் காட்பாடி போகிறவர்கள் அந்த இடத்துக்கென்றே கால் மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்குப் போவது இன்னொரு தலைவலி. பாகாயம் தாண்டி ஆரணி ரோட்டில் இருக்கிறது. அந்த ரோட்டில் வெளியூர் போகிற ரூட் பஸ் நிறையப் போகும், ஆனால் கண்டக்டருக்கு ஆரணிக்கும் திருவண்ணாமலைக்கும் போகிற ஆள்தான் வேண்டும். "அடுக்கம்பாறையா? பின்னால வண்டி வருது, அதுல ஏறும்மா" என்பார்கள். பௌர்ணமி அன்று கேட்கவே வேண்டாம், கிரிவலக் கூட்டத்தில் கால் வைக்க இடம் இருக்காது. நோயாளியைக் கூட்டிக்கொண்டு அன்றைக்குப் போகாதீர்கள்.

எனக்குப் பிடித்த பஸ் எது என்று கேட்டால், அணைக்கட்டுப் பக்கமிருந்து காலையில் வருகிற வண்டியைச் சொல்வேன். மார்க்கெட்டுக்குக் காய் கொண்டுவருகிற பெண்கள் அதில்தான் வருவார்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் அந்தக் கூடைகளில் தான் டவுனுக்குள் வருகிறது. ஒரு நாள் கண்டக்டர் கூடைக்கு லக்கேஜ் கேட்டார். "இன்னா நைனா, என்னை சும்மா ஏத்திக்கினு என் கத்திரிக்காய்க்குத் துட்டு கேக்கிறியே" என்றது ஒரு பாட்டி. பஸ்ஸே சிரித்தது. லக்கேஜ் வாங்கினாரா தெரியவில்லை. இறங்கும்போது பாட்டி அவர் கையில் நாலு கத்திரிக்காயைத் திணித்ததை மட்டும் பார்த்தேன்.

2025-ல் மினி பஸ்ஸுக்குப் புதுத் திட்டம் வந்தது. பஸ் போகாத இடங்களுக்குத்தான் முக்கியமாக இது என்றார்கள். சத்துவாச்சாரி உள் தெருக்களிலிருந்து நேராக டோல்கேட் வரை ஒரு வண்டி விட்டால் போதும், என் மதிப்பெண்ணை நானே ஏற்றிப் போடுகிறேன். இப்போதைக்குக் காட்பாடி–பாகாயம் லைனுக்கு ஐந்துக்கு நாலரை. மற்ற பக்கங்களுக்கு ஒன்றரை, அதுவும் டிரைவர்கள் படும் பாட்டைப் பார்த்து.

முதல் தடவை வருகிறவர்களுக்கு: காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ரோட்டுக்கு வாருங்கள். பாகாயம் போர்டு போட்ட எந்த வண்டியும் சிஎம்சி போகும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானத்துக்கு மேல் என்றால் இடது பக்க சீட்டில் உட்காருங்கள், வெயில் வலது பக்கம்தான் அடிக்கும்.