‘ஹை-ஃபையை அளக்க முடியாது’ என்று சொல்லி 7,400 வெள்ளியை வாங்கிக்கொண்டார்கள்: சுங்கை சிப்புட் மக்களே, எச்சரிக்கை

எனக்கு ஹை-ஃபை ஒலிக்கருவி, அதாவது வீட்டில் பாட்டுக் கேட்கும் உயர்தரக் கருவி, விற்ற கடைக்காரர் அரை மணி நேரத்துக்கு முன்புதான் என் அழைப்பைப் பாதியில் துண்டித்தார். மறுபடி அழைத்தால் போகவில்லை. என் எண்ணைத் தடுத்துவிட்டார். கை நடுக்கம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

7,400 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). செம்பனை எண்ணெய் ஆலையில் இரவு வேலையும் ஓய்வு நாள் வேலையும் பார்த்து ஒன்றரை வருடம் சேர்த்த பணம். கடையின் பெயரை இப்போது எழுதப்போவதில்லை. புகார் கொடுக்கப்போகிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். ஈப்போவில் வீட்டு ஒலிக்கருவிகள் மட்டும் விற்கிற, உள்ளே குளிரூட்டிய தனி அறையில் பாட்டுப் போட்டுக் காட்டுகிற கடை என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். நல்ல தமிழில், அன்பாகப் பேசுவார்கள். அங்கேதான் நான் விழுந்தேன்.

அப்பாவுக்கு எழுபது வயது நிறைகிறது. முப்பத்தெட்டு வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்து லயத்து வீட்டில் இருந்த காலத்திலிருந்தே அவருக்கு நாதஸ்வரம் என்றால் உயிர். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் சாமி ஊர்வலம் முடிகிறவரை தவில்காரருக்குப் பக்கத்தை விட்டு நகர மாட்டாராம். “தவிலின் வலப்பக்க வலந்தலையில் விரல் கூடு படுகிறதும் இடப்பக்கத் தொப்பியில் குச்சி விழுகிறதும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். நம் வீட்டுப் பெட்டியில் இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடுகிறது” என்று ஒரு நாள் சொன்னார். அவர் வாய்விட்டு ஒன்று கேட்பதே அபூர்வம். அதனால்தான் அவரையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்து, “ஐயா, இப்படி உட்காருங்கள்” என்று சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தார். தேநீர் வந்தது. முதலில் விலை குறைந்த ஆம்ப்ளிஃபயரில் (ஒலிபெருக்கிக்குச் சக்தி கொடுக்கும் கருவி) நாதஸ்வரம் ஓடியது. பிறகு அதே இசையை விலை கூடியதற்கு மாற்றினார். மாற்றும்போது அவருடைய கட்டைவிரல் ரிமோட்டை இரண்டு முறை அழுத்தியது. அதைப் பார்த்தேன், ஆனால் எதற்கென்று கேட்கத் தோன்றவில்லை. அந்த நேரம் நான் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கால் மேல் விரல்கள் தாளம் போட்டன. கண் கலங்கியிருந்தது.

“இதற்குச் சோதனை அறிக்கை, அளவுகள் ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டேன். அவர் என் தோளில் கை வைத்தார். “தம்பி, ஹை-ஃபை என்பது மீட்டரில் வருகிற சமாச்சாரம் இல்லை. எந்தக் கருவியாலும் அதை அளக்க முடியாது. உங்கள் அப்பாவின் முகத்தைப் பாருங்கள், அதுதான் அளவு.”

அந்த ஒரு வாக்கியத்துக்கு 7,400 வெள்ளி கொடுத்தேன். ஆம்ப்ளிஃபயர் 2,600, ஒலிபெருக்கி இரண்டும் சேர்த்து 2,600, ஒலிபெருக்கிக் கம்பி 1,400, மின்சாரத்தில் சொருகும் கம்பி மட்டும் 800.

வீட்டில் பூட்டிய முதல் நாளே நாதஸ்வரம் ஒரு பக்கம் மூக்கடைத்துக்கொண்டு கேட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. “நன்றாகத்தான் இருக்கிறது” என்றார். அவர் முகம் எனக்குத் தெரியாதா?

கடைக்கு அழைத்தேன். “புதுக் கருவி பழக வேண்டும் தம்பி, 200 மணி நேரம் ஓடட்டும்” என்றார்கள். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடினாலும் முப்பத்து மூன்று நாள். ரசீதின் கீழே பொடி எழுத்தில் மாற்றிக்கொள்ளும் கெடு 14 நாள் என்று இருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை. கெடு தாண்டிய பிறகு அழைத்தால், உங்கள் அறைதான் கோளாறு என்றார்கள். அடுத்த முறை, சின்ன ஊர்களில் மின்சாரம் சுத்தமாக வராது, அதைச் சுத்தப்படுத்தும் பெட்டி 1,900 வெள்ளிக்கு இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். நான்காவது முறை பேசிய பையன், “காது பழக வேண்டும் அண்ணே, எல்லாருக்கும் உடனே பிடிபடாது” என்றான். தவிலுக்குப் பக்கத்தில் நின்றே வளர்ந்த மனிதரின் காதைப் பற்றி இப்படி ஒரு சொல்.

எங்கள் ஊரில் கோயில் விழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஒலிபெருக்கி கட்டும் நண்பர் ஒருவர் இருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை அளவெடுக்கும் மைக்கும் மடிக்கணினியுமாக வந்தார். நான் முதலில் கேட்டதே, “இதை அளக்க முடியாது என்றார்களே?” என்றுதான். அவர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது, அப்படியே தருகிறேன்.

ஹை-ஃபை என்றால் ஒலி விசுவாசம். எதற்கு விசுவாசம்? பதிவுக்கு. பதிவில் இரைச்சல் இருந்தால் இரைச்சலும் கேட்க வேண்டும். உள்ளே போன அலையும் வெளியே வந்த அலையும் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. எவ்வளவு மாறுகிறதோ அவ்வளவு விசுவாசக் குறைவு. அதை அளக்கலாம். மனிதக் காது நொடிக்கு 20 முதல் 20,000 அதிர்வு (ஹெர்ட்ஸ்) வரை கேட்கும் என்பார்கள். வயதாக ஆக மேல்முனை குறைந்துகொண்டே வரும். அந்த எல்லைக்குள் எந்த ஓசை தூக்கலாக வருகிறது, எது அமுங்குகிறது, இல்லாத ஓசை எத்தனை விழுக்காடு சேர்கிறது, பின்னணி இரைச்சல் எத்தனை டெசிபல் (ஒலியளவின் அலகு) கீழே கிடக்கிறது, எல்லாமே எண்ணாக வரும். ஆம்ப்ளிஃபயரும் கம்பியும் இந்தச் சோதனைக்கு முழுக்க அடங்கியவை. ஒலிபெருக்கிதான் சிக்கல். அது நேராக அனுப்புகிற ஒலி ஒன்று, பக்கவாட்டில் அனுப்பிச் சுவரில் பட்டு வருவது இன்னொன்று. அதையும் சுற்றிச் சுற்றி அளக்கத்தான் செய்கிறார்கள். கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் ஃபிளாய்ட் டூல் என்ற விஞ்ஞானி, கேட்பவருக்குப் பெட்டி தெரியாமல் மறைத்துவைத்துச் சோதித்திருக்கிறார். அளவில் சீராகவும் சமமாகவும் இருந்த ஒலிபெருக்கிகளையே பெரும்பாலானவர்கள் நல்லது என்று தேர்ந்தெடுத்தார்கள். பிடிப்பது பிடிக்காதது அவரவர் விருப்பம், அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் அந்த விருப்பத்துக்கும் அளவுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்வது பொய்.

இனி எங்கள் வீட்டில் கண்டது. கீழ்ஓசையிலிருந்து விசில் மாதிரி ஏறிக்கொண்டே போகும் ஒரு சத்தத்தை ஓடவிட்டார். மடிக்கணினித் திரையில் வலது ஒலிபெருக்கிப் பெட்டியின் கோடு மேடு பள்ளத்தோடு கடைசிவரை போனது. இடது பெட்டியின் கோடு 3,000 ஹெர்ட்ஸ் வரை வந்து மலைச்சரிவு போல விழுந்துவிட்டது. முன்தகட்டைக் கழற்றினார். மேல்ஓசைக்கான சிறிய ட்வீட்டரின் ஒரு கம்பி பற்றவைக்கப்படாமலே தொங்கிக்கொண்டிருந்தது. நுனியில் ஈயப்பொட்டு கூட இல்லை. இது 200 மணி நேரத்தில் பழகுமா? 2,000 மணி நேரம் ஓட்டினாலும் அந்தக் கம்பி தானாகப் போய் ஒட்டிக்கொள்ளுமா?

பிறகு 1,400 வெள்ளிக் கம்பி. ‘தூய செம்பு’ என்று உறையில் பொன்னிறத்தில் அச்சடித்திருக்கிறது. இழை ஒன்றை நகத்தில் வைத்து பிளேடால் மெல்லச் சுரண்டினார். செந்நிறம் உரிந்து உள்ளே வெள்ளையாகப் பளிச்சிட்டது. அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. கம்பியில் பார்க்க வேண்டியது தடிமனும் மின்தடையும்தான் என்கிறார். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி மூன்று மீட்டருக்குப் போய்த் திரும்ப மொத்தத் தடை ஏறக்குறைய 0.07 ஓம். 8 ஓம் ஒலிபெருக்கிக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. மின்சாமான் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பதே போதும்.

ஆம்ப்ளிஃபயரின் அட்டைப் பெட்டியில் 1,200 வாட். பின்புறத் தகட்டில், சுவரிலிருந்து அது இழுக்கும் மின்சாரமே 60 வாட் என்று இருக்கிறது. அறுபது உள்ளே போய் ஆயிரத்து இருநூறு எப்படி விடாமல் வெளியே வரும்? கண் இமைக்கும் நேரத்து உச்சத்தைப் பெருக்கிப் போடுகிற பிஎம்பிஓ கணக்கு இது. அமெரிக்காவில் 1974-லேயே வாட் அளவை எப்படிச் சோதித்து விளம்பரம் செய்ய வேண்டும் என்று கூட்டரசு வணிக ஆணையம் விதி கொண்டுவந்தது. ஐம்பது வருடம் ஆகியும் அதே வித்தையை என்னிடம் விற்றிருக்கிறார்கள்.

மின்கம்பியை நாங்களே சோதித்தோம். 800 வெள்ளிக் கம்பியையும் பழைய கணினியின் கம்பியையும் நண்பர் திரைக்குப் பின்னால் மாற்றி மாற்றிச் சொருகினார். எதைச் சொருகினார் என்று பார்க்காமல் பத்து முறை சொல்ல வேண்டும். அப்பா ஐந்து சரி, நான் நான்கு. காசைச் சுண்டிப் பார்த்தாலும் அவ்வளவு வரும். பத்தில் குறைந்தது ஒன்பது சரியாக இருந்தால்தான் வித்தியாசம் கேட்கிறது என்று நம்பலாமாம்.

கடைசியாகச் செய்ததுதான் என் வயிற்றைக் கலக்கியது. ஒரே கருவியில் ஒரே இசையை இரண்டு முறை ஓடவிட்டார். “இரண்டாவதுதான் தெளிவு” என்றார் அப்பா உடனே. எனக்கும் அப்படித்தான் கேட்டது. நண்பர் இரண்டாவது முறை ஒலியை ஒரு டெசிபல் கூட்டியிருந்தார், அவ்வளவுதான். அந்த அளவுக்குக் கூட்டினால் பெரும்பாலும் ‘சத்தம் கூடியது’ என்று மனத்தில் படாது, ‘தரம் கூடியது’ என்றே படும். ரிமோட்டை அழுத்திய கட்டைவிரல் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் அப்பாவின் கண்ணீர் அந்த இரண்டு அழுத்தலில் வந்தது. முகம்தான் அளவு என்றாரே, அந்த முகத்தை வைத்தே ஏமாற்றினார்.

அறையைப் பற்றி அவர்கள் சொன்னதில் பாதி உண்மை என்பதையும் எழுதிவிடுகிறேன். எங்கள் கூடம் 4.3 மீட்டர் நீளம். அந்த நீளத்துக்கு 40 ஹெர்ட்ஸ் பக்கம் முழக்கம் கூடும், வரைபடத்திலும் அங்கே ஒரு மேடு தெரிந்தது. பெட்டிகளைச் சுவரை விட்டு நகர்த்தியதும் கொஞ்சம் தணிந்தது. ஆனால் ட்வீட்டர் கம்பியைப் பற்றவைக்காமல் விட்டது அறை அல்லவே.

இதையெல்லாம் படமெடுத்து, வரைபடத்தோடு கடைக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. இன்று அழைத்தபோது, “பெட்டியைத் திறந்துவிட்டீர்கள், இனி உத்தரவாதம் செல்லாது” என்றார். “அந்தக் கம்பி பற்றவைக்கப்படவே இல்லையே?” என்றேன். “அதை நீங்கள் கழற்றவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்?” என்றார். தம்பி என்ற சொல் இந்த முறை வரவில்லை. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே துண்டித்துவிட்டார்.

வாங்குகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சில. இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது ஒலியளவை மீட்டர் வைத்துச் சமமாக்கச் சொல்லுங்கள், ரிமோட்டை உங்கள் கையில் வாங்குங்கள். பின்புறத் தகட்டில் உள்ள வாட்டைப் படியுங்கள். ‘பழகட்டும்’ என்றால் மாற்றும் கெடுவையும் அத்தனை நாள் நீட்டி எழுதித் தரச் சொல்லுங்கள். கோளாறு தெரிந்தால் என்னைப் போல் பெட்டியைத் திறக்காதீர்கள், வெளியிலிருந்தே அளந்து பதிவு செய்துகொள்ளுங்கள். ரசீதை வீசிவிடாதீர்கள். மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

என் 7,400 வெள்ளிக்கான மனுப் படிவத்தை நாளைக் காலையில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அப்பா கூடத்தில் பழைய பெட்டியைத் துடைத்து மறுபடி பூட்டிக்கொண்டிருக்கிறார். இதே கடையில் வாங்கி இதே பதிலைக் கேட்டவர்கள் இருந்தால் ரசீதோடு என்னைத் தொடர்புகொள்ளுங்கள், சேர்ந்தே போவோம்.