தீயணைப்பு சிலிண்டர்: பவுடரா, வாயுவா?

மண்டபம், பாம்பன் பக்கம் ஃபைபர் படகுப் பட்டறையோ சின்ன ஐஸ் கம்பெனியோ நடத்துபவர்கள் தடுமாறும் இடம் இது.

விலை: ஏபிசி பவுடர் (பலவகைத் தீக்கும் ஆகும் பொடி) மலிவு. வாயு, அதாவது கார்பன் டை ஆக்சைடு, விலை நன்றாகவே கூடும்.

எதற்கு: பவுடர் மரம், ரெசின், டீசல் எல்லாவற்றுக்கும். வாயு டீசலுக்கும் மின் பேனலுக்கும்தான். கட்டையில் வாயுவை அடித்தால் கனல் மறுபடி பற்றும். திறந்தவெளியில் கடற்காற்று வாயுவை அடித்துக்கொண்டு போய்விடும்.

அடித்த பிறகு: வாயு மிச்சம் வைக்காது. பவுடர் ஈரக்காற்றோடு சேர்ந்து பேனலை அரிக்கும். செம்பு பச்சை பூத்துவிடும்.

பராமரிப்பு: பவுடர் சிலிண்டரில் அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா பாருங்கள். வாயு சிலிண்டரில் முள்ளே கிடையாது, எடைதான் போட வேண்டும். வாயு 10 சதவீதம் குறைந்தாலே நிரப்புங்கள். இரண்டையும் தரையில் வைக்காதீர்கள், உப்புத் துரு அடிவளையத்தில்தான் பிடிக்கும்.

பட்டறைக்கு 6 கிலோ பவுடர். பேனல் அறைக்கு 4.5 கிலோ வாயு. மூடிய அறையென்றால் அடித்ததும் வெளியே வந்துவிடுங்கள், மூச்சு முட்டும்.