மேகியா, டாரோவா: யாருடைய வாழ்க்கையைச் சொல்வது?

சென்னை வீடுகளில் கோடை விடுமுறையில் விரிக்கப்படும் ‘பிசினஸ்’ ஆட்டத்துக்கு மூலமான மோனோபொலியின் கதையைக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு வரும் சிறுவர்களுக்குச் சொல்வதென்றால், இரண்டு வாழ்க்கைகள் நம்முன் நிற்கின்றன.

சார்லஸ் டாரோவின் கதை எளிது. பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த அவர், 1935-இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு ஆட்டத்தை விற்றுப் பெரும் செல்வந்தரானார். ஆனால் அவர் அதை நண்பர்களிடம் ஆடிக் கற்றவரே தவிர, உருவாக்கியவர் அல்லர்.

எலிசபெத் மேகியின் வாழ்க்கை அடர்த்தியானது. நிலத்தின் மதிப்பு உயர்வு சமூகத்துக்கே உரியது, ஆகவே வரியையும் நிலத்தின் மீதே விதிக்க வேண்டும் என்ற அமெரிக்கப் பொருளாதாரச் சிந்தனையாளர் ஹென்றி ஜார்ஜின் கொள்கையைப் பரப்பவே, மோனோபொலிக்கு முன்னோடியான, 1904-இல் காப்புரிமை பெற்ற ‘நிலக்கிழார் ஆட்ட’த்தை அவர் வடிவமைத்தார், வாடகை வாங்குபவர் கொழிக்க, கொடுப்பவர் ஓட்டாண்டியாவதை ஆடுபவர்களே உணர வேண்டும் என்பது அவர் எண்ணம். அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை கிடைப்பதற்கு 16 ஆண்டுகள் முந்தைய செய்தி இது. பின்னர் அதே நிறுவனம் அவருடைய காப்புரிமையை 500 டாலருக்கு வாங்கியது. விற்பனையில் பங்கு எதுவும் தரவில்லை, இது அநீதியே.

வாடகை உயர்வால் வீடு மாறிய அனுபவமுள்ள சென்னைப் பிள்ளைகளுக்கு மேகியின் கேள்வி உடனே புரியும் என்பதால், நான் அவரையே தேர்ந்தெடுப்பேன். டாரோவுக்குக் கடைசிச் சில நிமிடங்கள் போதும்.