கெனன் ஆர்50: ஒன்றரை வருடப் பழக்கம்

இந்தக் கமராவை வாங்கி முதல் மூன்று மாதம் என் படங்களை விட மாமியின் போன் படங்கள்தான் வடிவாயிருந்தன. வீட்டு விசேஷத்தில் கமராவைத் தூக்கிக்கொண்டு ஓடித் திரிந்தது நான், அல்பத்துக்குப் போனது அவர் எடுத்தது. "போனால எடுத்ததுதான் நல்லா இரிக்கி மனே" என்று முகத்துக்கு நேரே சொல்லியும் விட்டார்.

கமராவில் பிழை இல்லை. போன் ஒரு தட்டில் பல படங்களை எடுத்து ஒன்றாக்கி, நிழலை வெளிச்சமாக்கி, வானத்தை அடக்கி, காய்ச்சி முடித்த ஆணமாகத் தருகிறது. கமரா தருவது வெட்டிக் கழுவிய மீன்.

எல்லாவற்றையும் கமராவே தீர்மானிக்கும் ஒட்டோ நிலையை நான் கைவிட்டது மட்டக்களப்புக் கல்லடியில். விடியப்புறம் பழைய இரும்புப் பாலத்தடியில் தோணியில் நின்று வலை வீசுகிறவரை எடுத்தேன். ஒன்றிலும் வலை தெரியவில்லை, வெண்புகைதான். கமரா தெரிவு செய்திருந்த ஷட்டர் வேகம் 1/125 செக்கன். டயலில் 'டீவி' என்று ஒன்று இருக்கும். தொலைக்காட்சி இல்லை, ஷட்டர் வேகத்தை நம் கையில் தரும் நிலை. அதில் 1/1000 வைத்து, லென்ஸ் துளையையும் ஐஎஸ்ஓ எனும் வெளிச்ச உணர்திறனையும் கமராவிடம் விட்டேன். ஐஎஸ்ஓ 3200க்கு ஏறியது. படத்தில் மெல்லிய மணல் தூவினாற்போல் நொய்ஸ். ஆனால் வலை விளிம்பின் ஈய மணிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

அடுத்த பாடம் கொக்கு. கண்டல் இருட்டுக்கு முன்னால் வெள்ளைக் கொக்கு நின்றால் கமரா இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், இறகு சுண்ணாம்பாகிவிடும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அளவில் மைனஸ் 1 வைத்தால் இறகின் கோடுகள் வரும். வாவி பளபளக்கும்போது தோணிக்காரரை எடுத்தால் நேர்மாறு, பிளஸ் 1. வியூபைண்டரிலேயே வித்தியாசம் தெரியும் என்பதால் இதைப் பழக ஒரு கிழமை போதும். பழைய கமராக்களில் எடுத்த பிறகுதானே பார்க்கலாம்.

போகஸ்தான் அதிக நாள் எடுத்தது. முழுப் பரப்பில் விட்டால் கண்ணைத் தானே பிடிக்கும்; யாருடைய கண் என்பது அதன் விருப்பம். மாமாங்கக் கோயிலின் ஆடி அமாவாசைக் கூட்டத்தில் எனக்கு வேண்டியவரை விட்டு, பின்னால் ஐஸ்பழம் குடித்துக்கொண்டிருந்தவர் அவ்வளவு கூர்மையாக விழுந்தார். இப்போது சிறிய கட்டத்தை முகத்தில் வைத்துப் பிடித்து, பிறகுதான் தொடர விடுகிறேன்.

பாண்டிருப்பு திரௌபதி அம்மன் கோயிலில் சத்தம் வேண்டாமென்று எலெக்ட்ரோனிக் ஷட்டருக்கு மாற்றினேன். அலங்கார எல்இடி வெளிச்சத்தில் எல்லாப் படத்திலும் குறுக்கே கறுப்புப் பட்டைகள்! சென்சர் வரி வரியாக வாசிப்பதற்குள் விளக்கு மின்னிவிடுகிறது. சாதாரண ஷட்டருக்குத் திரும்பி, வேகத்தை 1/100க்கு இறக்கியதும் பெரும்பாலும் போய்விட்டது. தீமிதிப்பு நெருப்பின் சிவப்பு ஜேபெக்கில் ஒரே கட்டியாகிவிடும். அதற்கு மட்டும் றோ, கமரா சுருக்காத மூலக் கோப்பு.

கமராவோடு வந்த கிட் லென்ஸை விற்கவில்லை, ஆனால் இருட்டில் அதன் 6.3 துளை காணாது. துளை அகன்ற 50 மில்லிமீற்றர் 1.8 லென்ஸ் வாங்கின பிறகுதான் இராத்திரிப் படங்கள் வீட்டில் எடுபட்டன. அளவுகளை மாற்ற ஒரே டயல் என்பதால் முழு மெனுவல் எனக்கு இன்னும் கை தடுமாற்றம், அவசரத்தில் டீவியே போதும். மாரி மழைக்காலத்தில் லென்ஸை இறுக்கி மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், இங்கத்தை ஈரத்துக்கு பூஞ்சணம் பிடித்துவிடும். திருவிழாவுக்கு இரண்டாவது பட்டறி இல்லாமல் போகவே வேண்டாம்.