மட்டைக்குக் கண் இல்லை: வைகைக் கரையில் பார்த்த மூன்று இடங்கள்

"தேங்காய்க்குக் கண்ணு உண்டு, மனுசன் தலையில விழாதுன்னு சொல்லுவாங்க. மட்டைக்கு எங்கப்பா கண்ணு இருக்கு?"

என் மாமியார் இப்படிக் கேட்டதும், டென்ட் போட்ட இடத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்த அங்கத்துத் தம்பியின் சிரிப்பு நின்றுவிட்டது. வரிசையாக ஏழு டென்ட். ஏழும் தென்னை மரத்தடியில். அண்ணாந்து பார்த்தால் காய்ந்த மட்டை இரண்டு, விழவா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு டென்டின் மேல்துணியில் ஏற்கெனவே ஒட்டுப் போட்டிருந்தார்கள். எதனால் கிழிந்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

நான் செல்லூரில் மெடிக்கல் கடை வைத்திருக்கிறேன். காலை ஒன்பது முதல் இரவு பத்து வரை யாராவது ஒருவர் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று மாத்திரைப் பேரைத் தப்பாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். பின்னால் பஸ் ஹாரன். எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு ராத்திரி சத்தமில்லாத இடம். பிள்ளைகளுக்கு டென்டில் படுக்க வேண்டும். கணவருக்கு, வாத்தியார் சம்பளத்துக்குள் முடிய வேண்டும், காரில் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. அத்தைக்கு ஒரே நிபந்தனை, கக்கூஸ் சரியாக இருக்க வேண்டும். இந்த நான்கையும் கூட்டிக் கழித்ததில் கொடைக்கானலும் மேகமலையும் அடிபட்டு, வைகைக் கரை என்று முடிவானது. அத்தை பிறந்தது தென்கரை. சோழவந்தானுக்கு எதிர்க்கரையில், ஆற்றைப் பார்த்தே வளர்ந்தவர். அதனால் இடம் பார்க்க அவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போனோம். அது நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

மட்டை தொங்கிய முதல் இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நீச்சல் குளம் உண்டு, பெரிய ஸ்பீக்கர் உண்டு, ஆறுதான் இல்லை. காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம், வாழைத் தோட்டம் தாண்டி, எங்கேயோ இருக்கிறதாம். 'ஆற்றங்கரை' என்று பலகையில் எழுதியவரின் மனசு பெரிது.

இரண்டாவது இடத்தில் நான் மயங்கிவிட்டேன். மேலக்கால் ரோட்டில் போய், சோழவந்தானை ஒட்டி ஆற்றுக்குள் இறங்கினால் வெள்ளை வெளேரென்று மணல். அதன் நடுவே நான்கு டென்ட், மூங்கில் நட்டுக் கட்டிய மஞ்சள் சீரியல் பல்புகள், பக்கத்தில் வாய்க்கால் மாதிரி கணுக்கால் அளவுக்கு ஓடும் தண்ணீர். போட்டோவில் பார்த்தபடியே இருந்தது. அதைப் பார்த்துத்தான் ஆயிரம் ரூபாய் முன்பணம் போனிலேயே அனுப்பியிருந்தேன்.

அத்தை மணலைப் பார்க்கவில்லை, ஓரத்தில் நின்ற சீமைக்கருவேல மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் கிளைகளில், என் தலைக்கு ஒரு முழம் மேலே, காய்ந்த கோரைப் புல் கொத்துக் கொத்தாகச் சிக்கியிருந்தது. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, சீப்பால் வாரிவிட்ட மாதிரி. நடுநடுவே பாலித்தீன் பை. ஒரு கிளையில் குழந்தையின் ரப்பர் செருப்பு ஒன்று.

"இது எப்படிப்பா மேல ஏறுச்சு?"

"காத்துல பறந்து வந்திருக்கும் பாட்டி."

"செருப்புமா?"

அவ்வளவுதான், அத்தை காரில் போய் உட்கார்ந்துவிட்டார். வெள்ளம் வடியும்போது அது வந்து போன உயரத்தில் சருகை விட்டுவிட்டுப் போகும் என்பது அவர் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் கோட்டுக்குக் கீழே எங்கே படுத்தாலும் அது கரை இல்லை, ஆறுதான். இடம் பார்க்கப் போகிறவர்கள் முதலில் மரத்தைப் பாருங்கள், அப்புறம் பல்பைப் பாருங்கள். அந்த ஆயிரம் ரூபாய் திரும்ப வரவில்லை. 'முன்பணம் திருப்பித் தரப்படாது' என்பதை அப்போதுதான் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். பேரைச் சொல்லிச் சண்டை போட எனக்குத் தெம்பில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

இனி நாங்கள் தங்கிய இடம். இதற்கும் பேர் சொல்லப் போவதில்லை. காரணம் வேறு, மூன்றே மூன்று டென்ட் உள்ள இடம் அது. சோழவந்தானைத் தாண்டி நிலக்கோட்டைப் பக்கம் போகும் வழியில், ஆற்றின் குறுக்கே இருக்கும் பேரணை என்ற தடுப்பணைக்கு மேற்கே இருக்கிறது. அந்த 'மேற்கே' முக்கியம். வைகை அணையில் திறக்கும் பாசனத் தண்ணீர் ஆற்றிலேயே ஓடி வந்து, பேரணையில்தான் பெரியாறு பிரதானக் கால்வாய்க்குள் திரும்புகிறது. அதற்குக் கீழே ஆற்றுக்கு மிஞ்சுவது மிச்சம் மீதிதான். மதுரையில் வருஷத்தில் பாதி நாள் நாம் பாலத்தில் நின்று பார்ப்பது புல்லும் எருமையும் என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே தண்ணீரைப் பார்க்க வேண்டுமானால் பேரணைக்கு மேலே போக வேண்டும், அணை திறந்திருக்கும் மாதத்தில் போக வேண்டும். ஜூனில் இருபோக நிலத்துக்குத் திறப்பது வழக்கம். அணையில் இருப்பு இல்லாத வருஷம் அதுவும் தள்ளிப்போகும். சித்திரையில் அழகர் இறங்கும் நேரத்திலும் தண்ணீர் விடுவார்கள்தான், ஆனால் அந்த வாரம் வைகைப் பக்கம் அமைதியைத் தேடுகிறவரை நான் என்ன சொல்ல.

நாங்கள் போனது காலாண்டு லீவு, செப்டம்பர் கடைசி, சனிக்கிழமை. ஆறு இரு கரையும் தொடாமல், ஆனால் நடுவில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கலங்கல் தண்ணீர். "இது வைகை இல்லடா, பாதிக்குப் பாதி பெரியாத்துத் தண்ணி" என்று அத்தை பேரனிடம் சொன்னார். மேற்கே போக வேண்டிய தண்ணீரை மலையைக் குடைந்து 1895-லிருந்து இந்தப் பக்கம் திருப்பி விட்டிருக்கும் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் அவன் ஓடிவிட்டான்.

தோப்புக்காரர் அறுபதை ஒட்டிய விவசாயி. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவராம், ஆள் கூலி கட்டாமல் பாதியைத் தென்னை ஆக்கிவிட்டார். ஆனால் டென்ட் ஒன்றுகூடத் தென்னைக்கு அடியில் இல்லை. நெல் காயப்போடும் பழைய களத்தில், திறந்த வெளியில், ஒரு வேப்ப மரத்தை ஒட்டிப் போட்டிருக்கிறார். களம் கரைமேட்டுக்கு மேல் இருக்கிறது. ஆற்றுக்கு இருபத்தெட்டுப் படி இறங்க வேண்டும் (பையன் எண்ணினான்). போனதுமே அத்தை கரையோரத்து மருத மரத்தை மேலும் கீழும் பார்த்தார். சருகுக் கோடு இருந்தது, எங்கள் களத்துக்கு இரண்டு ஆள் உயரம் கீழே. அவர் முகம் தெளிந்ததைப் பார்த்துத்தான் நான் பையை இறக்கினேன்.

சாயங்காலம் தோப்புக்காரர் போனில் விவசாயிகள் குரூப்பைத் திறந்து அன்றைய அணை நீர்மட்டத்தைக் காட்டினார். 58 அடி. மொத்தம் 71 அடி. "66 ஆனா முதல் எச்சரிக்கை விடுவாங்க, அறுபத்தெட்டரைக்கு ரெண்டாவது, 69-க்கு மூணாவது. நான் மூணாவது வரைக்கெல்லாம் நிக்கமாட்டேன். 66-ன்னு வந்தாலே டென்டைச் சுருட்டிருவேன். அங்க ஷட்டரைத் தூக்கி இங்க வர்றதுக்குள்ள நேரம் இருக்குதான். தூங்குறவனுக்கு ஏதும்மா நேரம்?" என்றார். இத்தனைக்கும் களம் மேட்டில்தான் இருக்கிறது.

குளிப்பதற்கும் அவர் வைத்ததுதான் சட்டம். படித்துறையை ஒட்டி இரண்டு இரும்புக் கம்பி நட்டு, நடுவே மஞ்சள் நைலான் கயிறு கட்டியிருக்கிறார். கயிற்றைத் தாண்டக்கூடாது. பார்வைக்கு ஒரே ஆழம்போலத்தான் தெரிகிறது. ஆனால் முன்பு மணல் அள்ளிய குழிகள் எங்கே கிடக்கின்றன என்று மேலிருந்து சொல்ல முடியாது. பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் ஒன்றரை மணி நேரம் ஆடினார்கள். அவர் அந்த ஒன்றரை மணி நேரமும் படியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டே பார்த்திருந்தார். பீடி நாற்றம் எனக்குப் பிடிக்காது. அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

சாப்பாடு அவர் வீட்டம்மா சமையல். முதல் நாளே போன் பண்ணி, "புரட்டாசி சனிக்கிழமையாச்சே அக்கா, மீன் சாப்பிடுவீங்களா, சாம்பார் வைக்கவா?" என்று கேட்டுவிட்டார். சொல்லப்போனால் அந்த ஒரு கேள்விக்காகவே நான் பாதி மார்க் போட்டுவிட்டேன். ராத்திரி கத்திரிக்காய் சாம்பார், அகத்திக்கீரைப் பொரியல், மோர். ஞாயிறு மதியம் அயிரைக் குழம்பு. அயிரையை உயிரோடு வாங்கி வந்து, பாலில் விட்டு, அது வயிற்றிலிருக்கிற மண்ணைக் கக்கும்வரை காத்திருந்து, அப்புறம் மண்சட்டியில் கல்லுப்பைப் போட்டு உரசுகிறார். என் மகள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கண் எடுக்காமல் பார்த்தாள். பால் வெள்ளையிலிருந்து மெல்லச் சாம்பல் நிறமாக மாறியது. "ஆத்து அயிரையா?" என்றேன். "இல்லக்கா, கம்மா அயிரை" என்றார். ஆற்று மீன் என்று சொல்லியிருந்தாலும் நாங்கள் நம்பியிருப்போம். குழம்பில் புளி ஒரு பிடி கூடுதல், எனக்கு அப்படித்தான் பிடிக்கும். அத்தை மட்டும் புரட்டாசி முடியட்டும் என்று மோர் சோற்றோடு நிறுத்திக்கொண்டார்.

குறைகள் இல்லாமல் இல்லை. கடைசி அரை கிலோமீட்டர் டிராக்டர் தடம். எங்கள் காரின் அடி இரண்டு இடத்தில் தட்டியது, மழை பெய்திருந்தால் கதை கந்தல். எங்கள் டென்டுக்கு ஜிப் பாதியில் நின்றுவிடும். துணி மாட்டும் கிளிப் நான்கைக் கொடுத்து "மாட்டிக்கங்க" என்றார்கள். கொசு அதற்குள் விருந்து முடித்துவிட்டது. போர்வையில் நெல் மூட்டை வாசனை. கக்கூஸ் சுத்தம், குழாயில் தண்ணீர் உண்டு, ஆனால் களத்திலிருந்து அறுபது எழுபது அடி இருட்டில் நடக்க வேண்டும், அதுவும் தரையில் குந்தும் வகை. அத்தைக்கு முழங்கால் மடங்காது என்றதும், உட்காருமிடத்தில் ஓட்டை வெட்டிய பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்து போட்டார்கள். தோப்புக்காரருடைய அம்மாவுக்காகச் செய்ததாம். பெரியவர்களோடு போகிறவர்கள் டார்ச்சும் பாதத்தை முழுக்க மூடும் காலணியும் மறக்காதீர்கள். தோப்பு என்றால் பாம்பு இருக்கத்தான் செய்யும்.

அமைதி? ஒன்பதரைக்குக் களத்து விளக்கை அணைத்துவிட்டார்கள். பக்கத்துத் தோட்டத்து மோட்டார் பதினொன்று வரை ஓடியது. அது நின்ற நிமிஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதுவரை கேட்காத ஆறு அப்போது கேட்க ஆரம்பித்தது. பெரிய இரைச்சல் ஒன்றுமில்லை, யாரோ பக்கத்து அறையில் அரிசி களைகிற மாதிரி. நடுவில் ஒரு ஆள்காட்டிக் குருவி கத்திக்கொண்டே எதிர்க்கரைக்குப் போனது. கணவரை எழுப்பிக் கேட்கச் சொன்னேன், "ம்" என்று திரும்பிப் படுத்துவிட்டார். விடியற்காலை ஐந்துக்கு ஏதோ ஒரு கோயில் ஸ்பீக்கர், புரட்டாசிக்கே உரிய உற்சாகத்தோடு. அதைத் தொடர்ந்து மயில்கள். ஐந்துக்கு மேல் தூங்கலாம் என்று நினைத்து யாரும் போக வேண்டாம்.

டென்டுக்கு ஒரு ராத்திரி 1,200 ரூபாய், இரண்டு டென்ட் எடுத்தோம். சாப்பாடு தனி. ஐந்து பேருக்கு எல்லாம் சேர்த்து நான்காயிரத்துச் சொச்சம் ஆனது. ஜிப்பைச் சரி செய்யாமல் அந்த 1,200 கொஞ்சம் அதிகம்தான், அதை அவரிடமே சொன்னேன். தலையாட்டினார்.

கிளம்பும்போது அரையாண்டு லீவுக்கும் இரண்டு டென்ட் போட்டுவைக்கச் சொன்னோம்.

"டிசம்பரா? வேணாம்மா, அணை நிறையிற நேரம். மட்டம் எப்படி இருக்குன்னு பாத்துட்டு, பொங்கல் கழிச்சு நானே கூப்பிடுறேன்."

முன்பணம் எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. கொடிக்காலிலிருந்து ஒரு கவுளி வெற்றிலை கிள்ளி, வாழை நாரில் கட்டி, அத்தை கையில் கொடுத்தார்.